கம்பி மாறினால் கணக்கும் மாறும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை உறுதியான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மோட்டார் வைண்டிங் வேலையை முழுக்கத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் கம்பிச் சுருளைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. நீ இப்போது சிகரெட்டைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் பெரிய செய்தி.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் வேப் கருவியில், அதாவது லிக்விடை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்டில், சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலை நீயே சுற்றிப் போடுகிறாய். அதற்கான கான்தால் கம்பி தீர்ந்துபோய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316எல் வாங்கியிருக்கிறாய். கம்பித் தடிமன் அதே 26 கேஜ், அதே 3 மி.மீ. உள்விட்டம், அதே ஏழு சுற்று, அதே இரட்டைக் காயில். ஆனால் பேட்டரி கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது என்கிறாய். முதலில் அந்தக் காயிலைக் கழற்றி வை. மீதியை அப்புறம் படி.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10.7 மி.மீ. கம்பி போகும். ஏழு சுற்றுக்கு 75, கருவியில் முடுக்கும் இரண்டு முனைக் கால்களுக்கும் சேர்த்து ஒரு 10, ஆக 85 மி.மீ. 26 கேஜ் கான்தால் ஏ1 கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 11.3 ஓம்ஸ். அப்படியானால் ஒரு காயில் 0.96 ஓம்ஸ், இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 0.48. அதே தடிமனில் 316எல் மீட்டருக்குச் சுமார் 5.8 ஓம்ஸ்தான். காயில் 0.49 ஆகிவிடும், இரண்டும் சேர்ந்து 0.25. உன் கருவியில் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் எந்த மின்சுற்றும் கிடையாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட் நேராகப் பாய்கிறது. முன்பு 9 ஆம்ப்ஸ் போல இழுத்தது, இப்போது 17 ஆம்ப்ஸ் இழுக்கிறது. உன் பேட்டரி தொடர்ச்சியாக 10 ஆம்ப்ஸ்தான் தாங்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். சுடாமல் என்ன செய்யும்? கம்பி கெட்டதல்ல, பேட்டரியும் கெட்டதல்ல. சுற்று எண்ணிக்கையை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு கம்பியை மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

நிக்ரோம் 80 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதே 85 மி.மீ.க்கு 0.72 ஓம்ஸ் வரும். 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை வாங்கிய அதே கலவைதான், இன்றுவரை டோஸ்டரிலும் ஹீட்டரிலும் எரிகிறது. சுற்றும்போது சொன்ன பேச்சைக் கேட்கும் கம்பி. கான்தால் அப்படியில்லை, கொஞ்சம் எகிறும். ஒருமுறை நன்றாகச் சிவக்கப் பழுத்தபின் அதை மறுபடி வளைத்தால் உடைந்துவிடவும் கூடும். ஆனால் கான்தாலில் இரும்பு, குரோமியம், அலுமினியம்தான், நிக்கல் கிடையாது. உன் வீட்டம்மாவுக்குக் கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்பாய். உனக்கும் அந்த மாதிரி நிக்கல் ஒவ்வாமை இருந்தால் கான்தாலோடு நின்றுகொள். 316எல்லிலும் நிக்கல் உண்டு.

இனி கேஜ். எண் கூடினால் கம்பி மெலியும் என்பது உனக்குத் தெரியும். அமெரிக்கக் கேஜில் மூன்று எண் ஏறினால் குறுக்குப் பரப்பு பாதியாகும், மின்தடை இரட்டிக்கும். ஆனால் மின்தடைக்காக மட்டும் கேஜைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மின்தடையைச் சுற்றைக் கூட்டியோ குறைத்தோ எப்படியும் கொண்டுவந்துவிடலாம். கேஜ் தீர்மானிப்பது வேறு இரண்டை: லிக்விட் மேல் படும் பரப்பு எவ்வளவு, சூடாக்க வேண்டிய உலோகம் எவ்வளவு. ஒரே மின்தடை வரும்படி 28இல் ஒரு காயிலும் 24இல் ஒரு காயிலும் செய்து பார். 24 கேஜ் கம்பி இரண்டரை மடங்கு நீளம் வேண்டும். பரப்பு நான்கு மடங்காகும், எடை ஆறு மடங்கைத் தாண்டும். அதே வாட்ஸ் கொடுத்தால் 28 சட்டென்று பழுத்து, கொஞ்சம் காரமாக, சூடாக ஆவி தரும். 24 எழும்பவே நேரம் எடுக்கும். அதை எழுப்ப வாட்ஸைக் கூட்டுவாய், வாட்ஸ் கூடினால் பேட்டரியும் லிக்விடும் சீக்கிரம் தீரும். பெரிய பெரிய மேகமாக விடுகிறவர்களுக்கு அது சரி. நீ சிகரெட் மாதிரி வாயில் வாங்கி, அப்புறம் உள்ளே இழுக்கிறவன். உனக்கு எதற்கு அவ்வளவு உலோகம்?

என் யோசனை இது. இரட்டைக் காயிலை விட்டுவிடு. 28 கேஜ் கான்தால் ஏ1, 2.5 மி.மீ. உள்விட்டம், ஆறு சுற்று, ஒரே காயில். கணக்குப்படி 1.1 ஓம்ஸ் அருகில் வரும். நேரடிக் கருவியில்கூட 4 ஆம்ப்ஸுக்குள் அடங்கும். அதைவிட நல்லது, வாட்ஸ் கட்டுப்பாடும் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் உள்ள கருவிக்கு மாறிவிடுவது. அதில் 11, 12 வாட்ஸில் வைத்துப் பார். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதே.

வாங்கும்போது கேஜ் எண்ணை மட்டும் நம்பாதே, மில்லிமீட்டரைக் கேள். பிரிட்டிஷ் கேஜில் 26 என்றால் 0.457 மி.மீ., அமெரிக்கக் கேஜில் 0.405. கேட்டால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் மின்தடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வைண்டிங்கில் இந்தக் குழப்பத்தால் வேலை கெட்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். லேபிள் உரிந்துபோன சுருளாக இருந்தால் காந்தத்தை வைத்துப் பார். கான்தால் பிடிக்கும், நிக்ரோம் பிடிக்காது, 316எல் பெரும்பாலும் பிடிக்காது. சுத்த நிக்கல் கம்பியும் பிடிக்கும் என்பதால் பிடித்ததெல்லாம் கான்தால் என்று எடுத்துக்கொள்ளாதே. மின்தடையை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எதுவும் நிச்சயமாகவில்லை என்றால் தூக்கிப் போடு.

நிக்கலும் டைட்டானியமும் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள கருவிக்கு மட்டும்தான். சூடாக ஆக அவற்றின் மின்தடை நன்றாக ஏறும், அந்த ஏற்றத்தை வைத்துத்தான் கருவி சூட்டைக் கணிக்கிறது. லிக்விடை உறிஞ்சித் தரும் பஞ்சு இல்லாமல் அவற்றைப் பழுக்கவிடவே கூடாது. 316எல்லும் அந்த முறைக்கு ஒத்துவரும், வாட்ஸ் முறையிலும் ஓடும். கம்பிமேல் கம்பி சுற்றிய கிளாப்டன் பார்க்க அழகுதான். ஆனால் அதுவும் எடை கூடிய காயில், உனக்கு வேண்டாம்.

காயிலை மாட்டியதும் பஞ்சு வைக்கும் முன்பு, குறைந்த வாட்ஸில் பட்டனை விட்டு விட்டு அழுத்து. நடுச் சுற்றில் மெல்லிய சிவப்பு தோன்றி இரண்டு பக்கமும் சமமாகப் பரவ வேண்டும். ஓர் ஓரம் மட்டும் முந்திப் பழுத்தால் அங்கே சுற்றுகள் சரியாக ஒட்டவில்லை. பட்டனை விட்டபின் செராமிக் இடுக்கியால் மெதுவாக வருடி நெருக்கி, மறுபடி பார். இந்தச் சூட்டில் மேலே படியும் ஆக்சைடு படலம்தான், நம் மோட்டார் கம்பிக்கு எனாமல் எப்படியோ அப்படி, சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமல் காக்கிறது. சிவப்பு தெரிந்ததும் நிறுத்து. வெள்ளையாகக் கொதிக்கும்வரை எரிக்காதே.

இதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தினமும் வேப் பிடிக்கும் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டில் லிக்விடைவிடக் கருவியிலிருந்து வந்த ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் முதலியவை அதிகமாக இருந்தன. சூடாகும் காயிலிலிருந்து அவை வரக்கூடும் என்றார்கள். அதனால் கறுத்துத் தேய்ந்த காயிலைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டாதே, புதுசாகச் சுற்று. காலப்போக்கில் இதையும் விட்டாயானால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஆறு சுற்றில் எவ்வளவு ஓம்ஸ் காட்டுகிறது என்று எழுது. 1.0க்குக் கீழே காட்டினால் கம்பியின் தடிமனை அளந்து அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பு, நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சின்னவனின் பரீட்சை முடிவையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்