நமது சங்கத்தின் ஆண்டறிக்கை: தத்துக் கொடுத்த பிறகு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தத்தெடுத்த குடும்பங்களுக்கும், தற்காலிகமாக நாய்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கும், தன்னார்வலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எத்தனை நாய்கள் வந்தன, எத்தனை வீடு சேர்ந்தன, எத்தனை திரும்பின, எத்தனையை இழந்தோம் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும் இணைப்பில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அந்த எண்களை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்: தத்துப் போய்த் திரும்பி வந்த நாய்கள்.

அந்த நாய்களின் கோப்புகளை நிர்வாகக் குழு இந்த ஆண்டு ஒன்று விடாமல் எடுத்துப் படித்தது. பெரும்பாலானவை முதல் சில வாரங்களுக்குள் திரும்பியவை. ‘சாப்பிடவில்லை’, ‘கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை’, ‘இரவெல்லாம் அழுதது’, ‘வீட்டுக்குள் சிறுநீர் கழித்தது’, ‘குழந்தையைப் பார்த்து உறுமியது’ என்று காரணங்கள் எழுதியிருந்தன. இதையெல்லாம் அந்த நாயின் குணம் என்று குடும்பத்தார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது, புது இடம், புது வாசனை, புது ஆட்கள் என்று எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன ஒரு பிராணியின் பயம்.

நாய் மீட்பில் இருப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று ஊன்றிக்கொள்ள 3 மாதம். இது அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. சில நாய்கள் ஒரே வாரத்தில் சோபாவைத் தமதாக்கிக்கொள்ளும். நெடுநாள் கட்டிப்போடப்பட்டோ அடிபட்டோ வந்தவைக்கு ஓர் ஆண்டுகூட ஆகும். ஆனால் அந்தக் கணக்கு காட்டும் வரிசை சரி. மூன்றாம் மாதத்தில் கிடைக்கவேண்டிய நாயை முதல் நாளே எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

ஆகவே இந்த ஆண்டு நம் வேலையின் எடையைத் தத்து முகாமிலிருந்து தத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கு நகர்த்தினோம். முகாம்கள் குறைந்ததில் உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனாலும் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நாய் வீடு போன மறுநாளும், முதல் வார முடிவிலும், அப்புறம் மாதம் ஒருமுறையும் ஒரு தன்னார்வலர் அந்தக் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசுகிறார். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். அதனால் கேள்விகளை மாற்றினோம். எங்கே படுக்கிறது? சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மலம் எப்படிப் போகிறது? வாசல் மணி அடித்தால் என்ன செய்கிறது? யாராவது குனிந்து தொட வந்தால் உதட்டை நக்குகிறதா, கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி பதற்றத்தின் அடையாளம் என்பது பல வீடுகளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

மைனா என்று பெயர் வைக்கப்பட்ட கறுப்புப் பெண் நாயைப் பலருக்கும் நினைவிருக்கும். வீடு போன அன்றே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. புது நாயைப் பார்க்க உறவினர்கள் வேறு வந்திருந்தார்கள். தொலைபேசியில் பேசிய நம் தன்னார்வலர், விருந்தினரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், மைனாவை இழுக்காதீர்கள், கண்ணுக்கு நேராகப் பார்க்காதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்று சொன்னார். முதலில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் சாப்பிட்டது. அப்புறம் யாராவது தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் சாப்பிட்டது. பிறகு ஒரு நாள் தானாக வெளியே வந்து, உட்கார்ந்திருந்தவரின் குதிகாலை முகர்ந்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடிவிட்டது. இதைச் சொன்னபோது அந்த வீட்டு அம்மாவின் குரல் தழுதழுத்தது. அவர் இன்று இங்கே வந்திருக்கிறார். மைனாவை வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறார்; இவ்வளவு கூட்டம் அதற்கு இன்னும் ஒத்துவராது. அதைப் புரிந்துகொண்டதற்கு அவருக்கு நன்றி.

உறுமல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்த நாய்களின் கோப்புகளில் அதிகம் தென்பட்ட சொல் அதுதான். உறுமுகிற நாய், ‘இதற்கு மேல் வராதே’ என்று மரியாதையாகச் சொல்கிறது. அதற்காக அடித்தாலோ அதட்டினாலோ பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேராகக் கடிக்கும். சாப்பாட்டுக் கிண்ணத்தருகே உறுமினால் கிண்ணத்தைப் பிடுங்கிப் ‘பழக்க’ வேண்டாம். தள்ளி நின்று அதைவிட ருசியான ஒரு துண்டைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டு நகருங்கள். ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்ற கணக்கு, ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று மெல்ல மாறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தை அதன் பக்கம் போகக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி, சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டுப் பெரியவர்கள் அறையை விட்டுப் போகக்கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதல் வாரத்தின் இன்னொரு ஆபத்து, நாய் தப்பி ஓடிவிடுவது. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். அதனால் இப்போது ஒவ்வொரு நாயையும் இரண்டு வாரோடுதான் அனுப்புகிறோம்: ஒன்று கழுத்துப்பட்டையில், மற்றது மார்பைச் சுற்றும் ஹார்னஸில். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தியிருந்தால், அதற்கான பதிவில் புது வீட்டாரின் தொலைபேசி எண் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். பழைய எண்ணோடு இருக்கும் சிப்பால் பயன் இல்லை. இந்த ஆண்டு அப்படித் தப்பிய ஒரு நாயைத் தேட அக்கம்பக்கத்தார் ஆர்வமாகக் கிளம்பி, பெயரைக் கூவிக்கொண்டே துரத்தினார்கள். அது இன்னும் தூரமாகத்தான் போனது. தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் படுக்கைத் துணியையும் சாப்பாட்டையும் வைத்து ஒரே ஒருவரை மட்டும் பக்கவாட்டில் உட்கார வைத்தோம். விடியற்காலையில் வந்து அந்தத் துணியின் மேலேயே படுத்துக்கொண்டது. தொலைந்த நாயைத் துரத்தாமலிருப்பது வீட்டாருக்கு மிகக் கடினமான காரியம், செய்துகாட்டினார்கள்.

மருத்துவம்

இந்த ஆண்டு நம்மை அதிகம் அழவைத்தது, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோயான பார்வோ. ஒரு ஈற்றுக் குட்டிகள் காலையில் விளையாடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் ஒன்று வாந்தி எடுத்துத் தலை தூக்க முடியாமல் கிடந்தது, பின்னாலேயே இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. நாள் முழுக்க சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. நம் குட்டிகள் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. இரவு பகலாகக் கூடவே உட்கார்ந்திருந்த மருத்துவருக்கும் தன்னார்வலர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தத்தெடுப்பவர்கள் இதிலிருந்து இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்பது குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் மிச்சம் இருக்கும்வரை அது தடுப்பூசியையே வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரமாவது ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசியைத் தவறவிடுவது முதல் ஊசியைத் தவறவிடுவதற்குச் சமம். அடுத்தது, பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கை கழுவும் ஆல்கஹால் திரவங்களை நம்ப முடியாது. அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீர்த்த பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பார்வோவில் குட்டியை இழந்த வீட்டில், ஊசிகள் முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது. தடுப்பூசி முழுமையாகப் போட்ட பெரிய நாயை எடுத்துக்கொள்ளலாம்.

எலும்பும் தோலுமாக மீட்கப்படும் நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கிறவருக்கு மனம் தாங்காமல் வயிறு நிறையப் போடத் தோன்றும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய சாப்பாடு போனால், இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயமும் தசைகளும் தடுமாறி உயிரே போகலாம். தேவையில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பித்து, சிறுசிறு வேளைகளாகப் பிரித்து, நாட்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவைத் தராசில் நிறுத்து நிறுத்துப் போட்ட தற்காலிகப் பராமரிப்பாளர்களால்தான் இந்த ஆண்டு அப்படி வந்த நாய்கள் எழுந்து நடந்தன.

மனிதருக்கான மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்பதை மறுபடியும் வலியுறுத்துகிறேன். வலி மாத்திரையான இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் இவையும் ஆகாது. கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் வழக்கம்போல நடந்தன. சிறு வயதுக் குட்டிகளைக் கொடுக்கும்போது, உரிய வயதில் செய்துவிடுவதாகக் கையெழுத்து வாங்குகிறோம்.

செப்டம்பர் 28, ரேபீஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டரின் நினைவு நாள், உலக ரேபீஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டிப் பிள்ளைகளிடம் பேசப் போயிருந்தோம். மனிதருக்கு வரும் ரேபீஸில் ஏறத்தாழ 99 சதவீதம் நாய்களிடமிருந்து வருகிறது என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் பயம் தெரிந்தது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு வந்தாலே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று அடுத்து சொன்னபோது, ‘அப்போ ஏன் எல்லாத்துக்கும் போடல?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அங்கே செய்தே காட்டினோம்.

வயதான நாய்கள்

குட்டிகளைக் கேட்டு வரிசை நிற்கிறது. 7 வயதுக்கு மேற்பட்டவற்றைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. குட்டி என்றால் வீடு முழுக்கக் கடித்துப் பார்க்கும், இரவில் எழுப்பும், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், என்ன குணமாகும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய நாயிடம் எல்லாமே முன்னாலேயே தெரிந்துவிடும்: பூனையோடு ஒத்துப்போகுமா, தனியே இருக்குமா, வாகனத்தில் வருமா என்று அதை வைத்திருந்த பராமரிப்பாளரே சொல்லிவிடுவார். வேலைக்குப் போகிறவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் பெரும்பாலும் பெரிய நாய்தான் பொருத்தம். பல், மூட்டு, கண் என்று மருத்துவச் செலவு இருக்கும். அதை மறைக்காமல் சொல்லித்தான் கொடுக்கிறோம். காது கேட்காத ஒரு கிழ நாயை இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட இளைஞர், கை அசைவுகளிலேயே அதற்கு எல்லாம் பழக்கிவிட்டார். உள்ளங்கையைத் தரைப் பக்கம் இறக்கினால் படுக்கிறது, கட்டை விரலைத் தூக்கினால் வாலை ஆட்டுகிறது.

சிலருக்கு நாய் தர மறுத்தோம். பிறந்தநாளுக்கு யாருக்கோ திடீர்ப் பரிசாகக் கேட்டவர்கள், நாள் முழுக்க வெளியே கட்டிப்போடுவதாகச் சொன்னவர்கள், வீட்டில் ஒருவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் கேட்டவர்கள். கோபத்தோடு போனார்கள். நாய் வந்து சேரும் வீட்டில் எல்லோரும் அதை விரும்ப வேண்டும் என்ற விதியை நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

நிர்வாகக் குழு முறைப்படி கூடியது. நடவடிக்கைக் குறிப்புகள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. கூட்டத்தின் ஒப்புதலுக்காக மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். காப்பகத்திலிருந்து நேரே தத்துக் கொடுக்காமல், முடிந்தவரை ஒவ்வொரு நாயையும் முதலில் ஒரு தற்காலிக வீட்டில் சில வாரம் வைத்துப் பார்ப்பது. தொலைபேசித் தொடர்பை முதல் 3 மாதம்வரை கட்டாயமாக்குவது. எந்தக் காரணத்தால் முடியாமல் போனாலும், எத்தனை ஆண்டு கழித்தானாலும் நாயை வேறு யாரிடமும் கொடுக்காமல் நம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்ப்பது. அப்படித் திருப்பித் தருபவரை யாரும் கடிந்து பேசக்கூடாது என்பதும் அதில் அடங்கும். வெட்கப்பட்டு எங்கோ விட்டுவிட்டு வருவதைவிட, தயங்காமல் நம் கதவைத் தட்டுவது எவ்வளவோ மேல்.

முதல் தீர்மானம் நிறைவேற வேண்டுமென்றால் இப்போது இருப்பதைவிட அதிகமான வீடுகள் தேவை. ஓர் அறை, ஒரு மூலை, சில வாரங்கள் போதும். உணவையும் மருத்துவத்தையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்காகப் பதிவேடு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்