ஊருக்கு ஆரம், வீட்டுக்குச் சேதாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணப் பேச்சு எடுத்தாலே "எத்தனை பவுன் போடுறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். யாரும் கேட்காத வீடுகளிலும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பெண்ணைப் பெற்றவர்களே எண்ணிக்கையை ஏற்றிக்கொள்கிறார்கள். வங்கிகளுக்கு நகை மதிப்பீடு செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பெருமையின் விலையைக் கணக்காகச் சொல்ல விரும்புகிறேன்.

கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பவுன் ஆரம் 80 கிராம். தங்கத்தின் விலை 8 லட்சம். வேலைப்பாடுள்ள ஆரத்துக்குச் சேதாரம், அதாவது நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று கடை சேர்க்கும் தொகை, 18 சதவீதம் என்றால் 1,44,000. இரண்டையும் கூட்டி, அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 28,320. ஆக மொத்தம் 9,72,320 ரூபாய். மறுநாளே விற்கப் போனால், ஒரு பைசா கழிக்காத நல்ல கடையிலும் 8 லட்சம்தான் கிடைக்கும். மீதி 1,72,320 ரூபாய், அதாவது இரண்டு பவுனுக்கும் மேல், கல்லாவிலேயே நின்றுவிடுகிறது. இப்படி நகை வாங்கத்தான் பலர் தனிநபர் கடன் எடுக்கிறார்கள். 12 சதவீத வட்டியில் 3 லட்சம் வாங்கி மூன்று வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 9,960 ரூபாய். வட்டி மட்டுமே 58,000 ரூபாய்க்கு மேல்.

பட்டறையில் அராவும்போது உதிரும் பொடியைப் பொற்கொல்லர் கூட்டி அள்ளி உருக்கிவிடுவார். உண்மையில் வீணாவது மிகச் சொற்பம். பில்லில் போடும் சேதாரத்தில் பெரும்பகுதி கூலியும் கடையின் லாபமும்தான். ஆகவே தயங்காமல் பேரம் பேசுங்கள். "சேதாரம் இல்லை" என்று விளம்பரம் பார்த்தால், செய்கூலி கிராமுக்கு எவ்வளவு, கல் விலை எவ்வளவு என்று கேளுங்கள். விட்டதை அங்கே பிடித்திருப்பார்கள்.

கெம்பு, கல் பதித்த ஆரங்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூடியிருந்தால் உள்ளே அரக்கு இருக்கலாம். அடகுக்கு வரும்போது கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடைக்குத்தான் நாங்கள் மதிப்புப் போடுவோம். எனவே வாங்கும்போதே மொத்த எடை, நிகர எடை, கல் விலை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். வரி மிச்சம் என்று எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிடக் கூடாது. நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 கேரட் 916 என்ற தரம், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறி மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இந்தக் குறி கட்டாயம். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தரம் குறைவென்று சோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் பில் வேண்டும்.

பெரிய நஷ்டம் இன்னொன்று: டிசைன் பழசாகிவிட்டது என்று மாற்றுவது. கையிலிருந்து காசு போடாமல் மாற்றினால், அதே 18 சதவீதச் சேதாரத்துக்கும் வரிக்கும் 80 கிராம் 65.8 ஆகும். இரண்டாம் முறை 54.2. மூன்றாம் முறை 44.6. பத்துப் பவுன் ஐந்தரைப் பவுனாகத் தேய்ந்திருக்கும், திருடன் யாரும் வராமலே.

அப்படியானால் என்ன வாங்குவது? பெண் தினமும் போடப்போவது எது என்று அவளிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு செயின், இரண்டு வளையல், ஒரு தோடு. அதை நல்ல கனமாகச் செய்யுங்கள்; லேசான வளையல் நசுங்கும், மெல்லிய செயினில் கொக்கி வளையம் தேய்ந்து அறும். மீதிப் பணத்தைக் கல்லில்லாத எளிய வளையலாகவோ தங்கக் காசாகவோ வைக்கலாம். காசுக்குச் சேதாரம் மிகக் குறைவு. ஆனால் கடையில் வாங்கிய காசை எல்லா வங்கிகளும் அடகுக்கு எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒருவருக்கு 50 கிராம்தான் வரம்பு. அவசரத்துக்கு அடகு வைக்க நேரிடும் என்று நினைப்பவர்களுக்கு வளையலே மேல். நகைக்கடையில் மாதாமாதம் பணம் கட்டும் 11 மாத நகைச் சீட்டில் சேர்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு அதற்குக் கிடையாது.

மண்டபத்துக்கு ஆரம் வேண்டும்தான் என்றால் வாடகைக்கோ கவரிங்கிலோ தாராளமாகப் போடலாம். மேடையில் நிற்கும் பெண்ணின் கழுத்தில் இருப்பது எது என்று பத்தடி தள்ளி நின்று சொல்ல எங்களாலேயே முடியாது. உரைகல்லும் அமிலமும் வேண்டும். இதில் தலைகுனிவு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட ஆரம், ஒரு கீறல்கூட விழாமல், பெட்டியோடு அடகுக்கு வருவதுதான் மனதை வருத்துகிறது. இளம் தம்பதிகள் முதல் வருடமே வட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

தங்கள் நாளிதழ் தினமும் தங்கத்தின் விலையை வெளியிடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு பவுன் காசுக்கும் ஒரு பவுன் ஆரத்துக்கும் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும் என்பதையும் இரண்டு வரியில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
கும்பகோணம்.