மறையூர் பெயரை மறையூர் வெல்லத்துக்கே விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடுக்கி மாவட்டம் மறையூரிலிருந்து எழுதுகிறேன். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிற வழியில், சின்னார் சோதனைச் சாவடிக்கு முன்னால் இருக்கிற ஊர். எனக்கு வயது 61. பதினாறு வயதில் அப்பாவோடு கரும்பு ஆலைக்குள் போனவன், இன்றும் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைப் பக்கத்தில்தான் நிற்கிறேன். எங்கள் பேச்சில் வெல்லத்துக்குச் சர்க்கரை என்று பெயர். வெள்ளைச் சீனியைத்தான் மலையாளத்துக்காரர்களைப் போல பஞ்சாரை என்போம். வாசகர்கள் குழம்பக்கூடாது என்பதால் இந்தக் கடிதத்தில் வெல்லம் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் உடுமலையிலிருந்து என் அக்கா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பிள்ளைகளுக்கு மூணாறு பார்க்க வேண்டும், சாக்லேட் வாங்க வேண்டும். பஜாரில் ஒரே மத்தியானத்தில் ஏழு கடை ஏறி இறங்கினோம். எனக்கு மூணாறு நாற்பது கிலோமீட்டர்தான். ஆஸ்பத்திரிக்கும் தாலுகா வேலைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் சரக்கு வாங்குகிற ஆளாக அந்தக் கடைகளுக்குள் நின்றது அன்றுதான்.

எங்கு பார்த்தாலும் சாக்லேட். முந்திரி வைத்தது, அத்திப்பழம் வைத்தது, வெள்ளை, கறுப்பு என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறார்கள். ‘ஹோம்மேட்’ என்று எழுதாத கடையே இல்லை. ஒரு கடையில் எஸ்டேட் லயத்துப் பெண் ஒருத்தி எதையும் மறைக்காமல் சொன்னாள்: “கட்டி வெளியூர்லருந்து வருதுய்யா. நாங்க இங்க உருக்கி, பருப்பு போட்டு, அச்சுல ஊத்துவோம்.” அப்படிச் சொன்னதற்காகவே அவளிடம் அரைக் கிலோ வாங்கினோம். அடிமாலிப் பக்கம் வீட்டுக் கொல்லையிலேயே கொக்கோ காய்க்கிறது, மூணாறிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரம். அந்தக் கொக்கோவில் செய்த சாக்லேட் உண்டா என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரே ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். விலை அதிகம், கசப்பும் அதிகம். சின்னவள் துப்பிவிட்டாள், பெரியவன் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் தின்றான். கொக்கோ வெண்ணெயைத் தவிர வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதைச் சாக்லேட் என்று விற்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. உறை இருந்தால் படித்துப் பார்க்கலாம். தட்டிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் எதைப் படிப்பது?

நான் எழுத உட்கார்ந்தது சாக்லேட்டுக்காக அல்ல. ஐந்தாவது கடை வாசலில் வெல்லம் குவித்து வைத்திருந்தார்கள். ‘ஒரிஜினல் மறையூர்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் அட்டை குத்தியிருந்தது. உருண்டைகள் மஞ்சள் நிறம், எல்லாம் ஒரே அளவு. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

“எந்த ஆலைச் சரக்கு தம்பி?”

“ஆலையாங்கய்யா? வண்டியில கொண்டாந்து போடுவாங்க. முதலாளிக்குத்தான் தெரியும்.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் யார் என்றும் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த உருண்டை மறையூரில் பிடித்தது இல்லை என்று அடித்துச் சொல்வேன். அதில் விரல் தடம் இல்லை.

எங்கள் ஊரில் வெல்லத்தைக் கையால்தான் பிடிக்கிறோம். கரும்பை ஆட்டி, கரும்புப் பாலை, அதாவது சாற்றை வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே போட்டு அடுப்பெரிக்கிறோம். அழுக்கு மேலே வருவதற்குக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்போம். நுரையோடு வருகிற அழுக்கை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிடம் பராக்குப் பார்த்தால் அது உள்ளே திரும்பிவிடும். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூடு வந்த உடனே பிடிக்கத் தொடங்குவோம். ஆறிவிட்டால் உருண்டை சேராது, பொடிந்துவிடும். அந்தச் சூட்டில் அமுக்குவதால்தான் ஒவ்வொரு உருண்டையிலும் நாலு விரலும் உள்ளங்கையும் பதிந்திருக்கும். எங்கள் ஆலையில் பிடிக்கிற நாலு பேரில் இது யார் கை என்று உருண்டையைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். பத்துக் கிலோ கரும்பு ஆட்டினால் சுமாராக ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். நிறம் கரும்பழுப்பு. நாக்கில் உப்புக் கரிக்காது.

மஞ்சளாக இருப்பதெல்லாம் கெட்ட வெல்லம் என்று நான் எழுதினால் அது பாவம். மண்ணுக்கும் கரும்பு ரகத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். ஆனால் நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற கந்தகச் சேர்மப் பொடியைப் போடுகிற பழக்கம் வெல்லத் தொழிலில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அரசு வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். பளிச்சென்று இருந்தால் சுத்தம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு இருக்கிறவரை ஹைட்ரோஸ் மூட்டையும் வந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்த கடையில் பார்த்ததுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. அந்தக் கடைக்காரர் நேர்மையானவர். எங்கள் காந்தளூர்ப் பக்கத்துக் கறுப்பு உருண்டையையும் சமவெளி மஞ்சள் உருண்டையையும் தனித்தனிக் கூடையில் வைத்து, இன்னது இந்த ஊர் என்று அட்டையும் எழுதியிருந்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா கறுப்பு உருண்டையை எடுத்து முகர்ந்துவிட்டு, “இது அழுக்கா இருக்கேங்க” என்று திரும்ப வைத்துவிட்டு மஞ்சளில் இரண்டு கிலோ கேட்டார். கடைக்காரர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், அந்த அம்மா கேட்கவில்லை. உண்மையை எழுதி வைத்தவர் கடையில் எங்கள் கூடை அப்படியே கிடக்கிறது. முந்தின கடையில் எங்கள் பெயரை மட்டும் குத்தி வைத்திருக்கிறார்கள், அங்கே குவியல் குறைந்துகொண்டே போகிறது.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு 2019-ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருளுக்கே இந்தப் பெயர் என்கிற அரசுப் பதிவு வாங்கினோம். பதிவு செய்தது உங்கள் சென்னை கிண்டியில் இருக்கிற பதிவகம்தான். அதே 2019-ல்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கிடைத்தது. மறு வருடம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு வந்தது. எங்கோ செய்த கடலை மிட்டாயைக் கோவில்பட்டி என்று சொல்லி விற்றால் கோவில்பட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சட்டம் 1999-லேயே வந்துவிட்டது. வெளியில் செய்த பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்து விற்பது குற்றம். குறியீடு கிடைத்த அன்று ஆலையில் எல்லோருக்கும் பாயசம் வைத்தோம். இனி நல்ல விலை நிலைத்து நிற்கும் என்று நம்பினோம்.

சமவெளி வெல்லத்தைக் குறை சொல்லவில்லை. பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டி வெல்லம் நல்ல வெல்லம், அதற்கென்று பெயரும் உண்டு. என் அக்கா வீட்டில் பொங்கலுக்கு அதுதான். அதை நெய்க்காரப்பட்டி என்றே மூணாறில் விற்கட்டும், வாங்குகிறவர் இரண்டையும் தின்று பார்த்து முடிவு செய்யட்டும். அங்கே அடுப்படியில் வேகிறவனும் என்னைப் போல ஒரு தொழிலாளிதான், அவன் உழைப்புக்கும் அவன் ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும்.

மூணாறில் கொட்டுகிற மழை எங்களுக்கு வருவதில்லை. மலை மறைத்துவிடுகிறது. அதனால்தான் இங்கே கரும்பு செழிக்கிறது, வருடம் முழுவதும் ஏதாவது ஒரு வயலில் வெட்டு நடக்கும். இருந்தும் கரும்பை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போனவர்கள் என் பக்கத்திலேயே நிறைய. ராத்திரி யானை இறங்கினால் ஒரு வருட உழைப்பு விடிவதற்குள் போய்விடும். காவலுக்கு ஆள் வைக்க வேண்டும், வெட்டுக்கூலி கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேல் எங்கள் பெயரிலேயே வேறு சரக்கு விலை குறைத்து வந்தால் ஆலைக்காரன் எதை நம்பி அடுப்புப் பற்றவைப்பான்? என் மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூணாறு, மறையூர்க் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒரு அட்டைதான். எந்த ஆலை, பிடித்த தேதி என்ன என்று கூடையில் எழுதி வையுங்கள். உதிரியாக விற்கிற இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரிலிருந்தே விதி இருக்கிறது. வெல்லத்துக்கும் சேர்த்து எழுத ஒரு சாக்பீஸ் போதும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஓணத்துக்கு முந்தின வாரம் மட்டும் வராமல், சீசன் நாளில் வந்து மாதிரி எடுக்க வேண்டும். உங்கள் பத்திரிகையின் சுற்றுலாப் பக்கத்தில் மூணாறு பற்றி எழுதும்போது, கறுப்பு உருண்டை அழுக்கு இல்லை என்ற ஒரு வரியைச் சேர்த்தால் எங்கள் ஊரே நன்றியோடு இருக்கும்.

உடுமலை வழியாக வருகிறவர்களுக்கு ஒன்று. ஆலை ஓடுகிற நாளில் ரோட்டிலிருந்தே புகை தெரியும், பாகு வாசம் வண்டிக்குள் வரும். நிறுத்தி இறங்கி வாருங்கள், காசு கேட்க மாட்டோம். பிள்ளைகளைக் கொப்பரையிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துங்கள். தொட்டியில் ஒட்டியிருக்கிற இளம்பாகை வழித்து ஆளுக்கு ஒரு விரல் தருவோம்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு ஆலைக்காரன்,
கோவில்கடவு, மறையூர்.