விக்டோரியா பப்ளிக் ஹால் சொல்லித் தரும் வேலை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர்ப் பழைய நாடக அரங்கைச் சீரமைக்கும் பொறுப்பு உன் கைக்கு வந்திருப்பதில் மிகுந்த மகிழ்ச்சி. மதிப்பீடு போட உட்காருவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிச் சென்னைக்கு வா. ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைச் சுற்றி ஒருமுறை நட.

1883-இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. ராபர்ட் சிஷோம் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா அரசியின் 1887 பொன்விழாவை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கேதான் வளர்ந்தன. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடை ஏறிய இடம். 1897-இல் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். அப்படிப்பட்ட கூடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து சிதைந்தது. நிலக் குத்தகை வழக்கு ஒரு காரணம். பூட்டிய கட்டடத்தில் ஓடு நகர்ந்தால் ஏறிப் பார்க்க ஆள் கிடையாது. அது இன்னொரு காரணம். பிறகு மாநகராட்சியின் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32.62 கோடி ரூபாய் ஒதுக்கித்தான் முழுச் சீரமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார், நெஞ்சு வலிக்கும்.

வேலையை எப்போதும் மேலிருந்து தொடங்கு. கூரைத் தண்ணீர், தரைத் தண்ணீர், அப்புறம்தான் சுவர். ஒப்பந்தக்காரர்கள் சுவரில் கை வைக்கத்தான் அவசரப்படுவார்கள், கண்ணுக்கு உடனே தெரிவது அதுதானே. விட்டுக்கொடுக்காதே. ஓட்டுக் கூரையில் இரண்டு சரிவுகள் கூடும் மூலை வாய்க்காலை முதலில் பார். இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்புவது பெரும்பாலும் அங்கேதான். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதே, செங்கலும் கூடவே வரும். வெட்டிவிட்டு, வேர் போன வழியைத் திறந்து, வேரை எடுத்தபின் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றி அடை. தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். அடித்தளத்தைச் சுற்றி மண்ணை எடுத்து, வடிகாலைத் தரைமட்டத்துக்குக் கீழே கொண்டுபோ.

மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த தட்டைக் கூரை, இருந்தால் தேக்கு உத்திரங்களின் நடுவை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதே. சுவருக்குள் புதைந்த முனையில்தான் மரம் உளுக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். இரண்டு விரற்கடை சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. கெட்ட பகுதியை வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடலாம். முனையைச் சுற்றிக் காற்று போக இடைவெளி விடு. சிமெண்ட் வைத்து அடைத்தால் மறுபடி அதே கதைதான்.

சுவருக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது அதை மூச்சுத் திணற வைப்பது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல் முகத்தை உதிர்க்கும். விரல் முட்டியால் தட்டு. ‘டொக்கு டொக்கு’ என்று உள்ளே காலியாக ஒலித்தால், பெயர்த்துப் பார்க்கும்போது சிவப்புப் பொடி கொட்டும். அந்தப் பூச்சை உளியும் சுத்தியலும் கொண்டுதான் எடுக்க வேண்டும், டிரில் மெஷின் கூடாது. செங்கல்லின் வெந்த மேல்தோல் போனால் அதற்கு மாற்றே இல்லை.

புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பை 15 நாளாவது தண்ணீரில் ஊறவைத்து, சலித்து எடு. சுண்ணாம்பு 1 பங்குக்கு மணலும் செங்கல் தூளும் சேர்ந்து 2 முதல் 3 பங்கு. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீர் பிசைய உதவும். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். ஒரு கோட் 10-12 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டி 14 நாள் காப்பாற்று. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்கு மாதங்கள் ஆகும். அதனால் மேலே காற்றை அடைக்கும் எமல்ஷன் பெயிண்ட் அடிக்காதே, வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

அரங்கு என்பதால் இன்னொன்று. மைக் இல்லாத குரலுக்காகக் கட்டிய கூடம் அது. மரத் தரையை எடுத்துவிட்டு கிரானைட் போட்டு, ஏசிக்காகக் கண்ணாடி வைத்து மூடினால் குரல் எதிரொலித்துக் குழம்பும். வேலை தொடங்கும் முன் மேடையில் நின்று கைதட்டிப் பதிவுசெய்; ஒவ்வொரு கட்டத்திலும் அதே இடத்தில் நின்று தட்டி ஒப்பிட்டுப் பார்.

கூரை வேலை முடிந்ததும் அடியில் பலகை அடித்து மூட அவசரப்படாதே. ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை கொட்டட்டும். அன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உத்திரத்தையும் தடவிப் பார். ஈரம் பட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்கு மேலே சரிவில் நகர்ந்த கூரை ஓட்டைச் சரியாகப் பொருத்திய பிறகு மூடு.

அன்புடன்,
அண்ணன்