அங்கோர்வாட் நம்ம சோழர் கட்டுனது இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை சுற்றுலா பக்கத்துல கம்போடியாவுல இருக்கற அங்கோர்வாட் கோயில் பத்தி எழுதி "கடல் கடந்து தமிழன் கட்டிய கோயில்"னு தலைப்பு போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அருமை, ஆனா அந்த தலைப்பு தப்பு சார். வேலூர், காட்பாடி, குடியாத்தம் ஆளுங்க ஒரு குரூப்பா கம்போடியா போய்ட்டு இப்பதான் திரும்பினோம், அதனால தான் எழுதறேன்.

அதைக் கட்டுனது கெமர் (கம்போடியா ஜனங்களுக்கு அது தான் பேரு) ராஜா இரண்டாம் சூர்யவர்மன், 12ம் நூற்றாண்டு முதல் பாதியில, பெருமாளுக்காக. பேர்ல வர்மன்னு வர்றதால எங்க பஸ்ல பாதி பேர் "அப்போ பல்லவர் தான்"னு முடிவே பண்ணிட்டாங்க. சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயிலைப் பாத்து வளந்தவங்களுக்கு அப்படித் தோணும் தான், ஆனா வர்மன்னு எத்தனையோ தேசத்து ராஜாக்கள் பேர் வெச்சிருந்தாங்க. தெக்கு பக்க பிரகார சுவத்துல அந்த சூர்யவர்மனையே செதுக்கி வெச்சிருக்காங்க, சுத்தி குடை பிடிச்சிகினு ஆளுங்க, பின்னாடி படை, யாரு கட்டுனதுன்னு கோயிலே சொல்லுது. அந்த ராஜாக்களோட கல்வெட்டெல்லாம் பழைய கெமர் மொழியிலயும் சமஸ்கிருதத்துலயும் தான் இருக்கு.

கட்டுன விதமும் வேற. கோட்டை அகழிய தினம் பாக்கற வேலூர்க்காரங்களுக்கே அங்க இருக்கற அகழி மலைப்பா இருக்கும், கிட்டத்தட்ட 190 மீட்டர் அகலம், அதைத் தாண்டி உள்ள போறதுக்கே தனியா நேரம் வேணும், கோயில் மேற்கு பாத்து நிக்குது. நம்ம ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல யாளியும் குதிரையும் தூணை விட்டு வெளிய பாயற மாதிரி இருக்கும், அங்க அப்படி இல்ல, மணல்கல்லு சுவத்துல மெல்லிசா, கிட்ட போய் நின்னு பாத்தா தான் முழுசா பிடிபடற மாதிரி செதுக்கியிருக்காங்க. பாற்கடல் கடையற காட்சி மட்டும் 49 மீட்டர் நீளம், ஒரு பக்கம் 92 அசுரர், இன்னொரு பக்கம் 88 தேவர், நடுவுல பெருமாள், கீழ மீனும் முதலையும் துண்டு துண்டா சிதறுது. நான் அங்கயே உக்காந்துட்டேன். டூர்காரங்க எங்களுக்கு ஒரு நாள் டிக்கெட் தான் எடுத்திருந்தாங்க, 37 டாலர், அதுலயும் மத்தியானத்துக்கு மேல ஷாப்பிங்னு இழுத்துட்டுப் போய்ட்டாங்க. மூணு நாள் டிக்கெட் 62 டாலர் தான் சார், போறவங்க தயவுசெஞ்சு அதைக் கேட்டு வாங்குங்க, அங்க பக்கத்துலயே இருக்கற பாயோன், தா ப்ரோம் கோயில்களைப் பாக்காம திரும்பறது பெரிய நஷ்டம்.

எங்க கைடு உள்ளூர் பையன். எங்க ஆளுங்க அவன்கிட்டயே "இன்னாப்பா, இது எங்க ராஜா கட்டுனது தெரியுமா"ன்னு கேட்டாங்க. அவன் ஒண்ணும் சொல்லல, சட்டைப் பையில குத்தியிருந்த கொடியைத் தொட்டுக் காட்டினான், அவங்க தேசியக் கொடி நடுவுல அங்கோர்வாட் தான் இருக்கு. எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

அப்புறம் நாம்பென், அவங்க தலைநகரம். பஸ்ல ஆறு மணி நேரம் கிட்ட. பிளாட்பாரம் பூரா வண்டியை நிறுத்தி வெச்சிருக்காங்க, டுக்டுக், பைக்கு, தள்ளுவண்டி எல்லாம் ஒண்ணா வருது, அங்க வலது பக்கம் ஓட்றதால நம்ம ஆளுங்க தப்பான பக்கமே பாத்துகினு ரோட்டைக் கடக்கறாங்க, ஒரே கூச்சல், குரூப்ல எல்லாரும் "இது ஒரு ஊரா"ன்னு சலிச்சிகிட்டாங்க. ஆனா 1975 ஏப்ரல் 17 அன்னிக்கு கெமர் ரூஜ்ங்கற அவங்க நாட்டு கம்யூனிஸ்ட் படை உள்ள வந்து, அகதிங்களையும் சேத்து சுமார் 20 லட்சம் பேர் இருந்த அந்த ஊரையே காலி பண்ணி வெளிய துரத்துனாங்க, ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்களைக் கூட விடல. 1979 ஜனவரி வரைக்கும் அந்த ஆட்சி, நாடு முழுக்க செத்தவங்க 15லேர்ந்து 20 லட்சம்னு கணக்கு சொல்றாங்க. துவோல் ஸ்லெங்னு ஒரு பள்ளிக்கூடத்தை சிறையாக்கி வெச்சிருந்தாங்க, இப்போ மியூசியம், செவுரு முழுக்க அங்க அடைச்சவங்க போட்டோ, சின்னப் பசங்க முகம் கூட. அதைப் பாத்துட்டு வெளிய வந்தா அந்த ரோட்டு நெரிசலே எனக்கு ஆறுதலா இருந்துச்சு, மறுபடி ஜனம் வந்து நிறைஞ்ச ஊரு அது. இவ்ளோ இழந்த ஜனங்க கிட்ட போய், மிச்சம் இருக்கற கோயிலும் எங்களுதுன்னு எப்படி சார் சொல்றது?

நமக்கும் அவங்களுக்கும் உறவே இல்லன்னு நான் சொல்லல. அவங்க எழுத்து பல்லவ எழுத்துலேர்ந்து வந்தது. ராஜேந்திர சோழனுக்கு காம்போஜ (அதாவது கம்போடியா) ராஜா தேர் அனுப்புனதா கரந்தைச் செப்பேடு சொல்லுது. முதலாம் குலோத்துங்கன் காலத்துல காம்போஜ ராஜா கொடுத்த ஒரு கல்லை சிதம்பரம் கோயில்ல பதிச்சதா அங்க கல்வெட்டே இருக்கு. அங்கேர்ந்து இங்க பரிசு வர்ற அளவுக்கு ரெண்டு ராஜ்யத்துக்கும் பழக்கம் இருந்திருக்கு, உங்க கட்டுரையில இது ஒரு வரி கூட இல்லையே.

அடுத்த வாரம் அதே பக்கத்துல திருத்தம் போடுங்க, முடிஞ்சா அந்த சிதம்பரம் கல்வெட்டு படத்தோட. எங்க தெருவுல பள்ளிக்கூடப் பசங்க உங்க சுற்றுலா பக்கத்தை வெட்டி ப்ராஜெக்ட் நோட்டுல ஒட்றாங்க.

இப்படிக்கு,
வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்