பூட்டிவைத்த மொறிஸ் மைனர் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கடையில் வைத்தே இரண்டு தரம் வாசித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் இந்தக் கார்களை இனித் தெருவில் ஓட்டித் தேய்க்காமல் காட்சிக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தது மனதை உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சி.சி. எஞ்சின். ஐயா 1974இல் வாங்கினார். இன்றைக்கும் கோண்டாவிலிலிருந்து சுன்னாகத்தில் இருக்கும் என் கடைக்கு அதில்தான் போய் வருகிறேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், மருதனார்மடம் சந்தையில் வாங்கும் மரக்கறி வீடு வருவதும் அதில்தான். கல்யாண வீட்டுக்கென்று தனியாக வேறு வாகனம் எங்களிடம் இல்லை.

ஓடாமல் நிற்கும் காருக்கு என்ன நடக்கும் என்பதை என் சொந்தத்துக்குள்ளேயே பார்த்தவன் நான். உறவினர் ஒருவர் தன்னுடைய மைனரைப் புதுசாகப் பெயின்ற் அடித்து, துணி போர்த்தி, நாலு வருசம் கொட்டிலுக்குள் வைத்திருந்தார். யார் வந்தாலும் துணியை விலக்கிக் காட்டுவார். மகளின் கல்யாணத்துக்கு வெளியே எடுத்தபோது கேற் வாசலில் திருப்பிய திருப்பில் முன்சில்லு மடிந்து கார் மூக்குப்படக் கீழே இருந்துவிட்டது. முன்சில்லைத் தாங்கும் கால் கீழ்ப்பக்கம் ஒரு திருகுப் புரிக்குள்தான் திரும்புகிறது. அந்தப் புரிக்குக் கிறீஸ்தான் உயிர். நாள்தோறும் ஓடுகிற காருக்கு மாதம் ஒருமுறை கிறீஸ் அடிக்க யாரும் மறப்பதில்லை. நிற்கிற காருக்கு எவருக்கு அந்த ஞாபகம் வரும்? அதோடு பிறேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளே துருவை வைக்கும். தாங்கிக்குள் பெற்றோல் பிசினாகிவிடும். வயரை எலி அரிக்கும். கடற்காற்று தகட்டுக்குச் செய்வதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு அழகான கார், பெயின்றுக்குக் கீழே செத்துக் கிடந்தது.

ஓடும் காரோ தன் குறையைத் தானே சொல்லிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, பிறகு மெதுவாகி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் நிறைந்ததும் நின்றுவிடும். அதன்பிறகுதான் நான் ஸ்ராட் இழுப்பேன். அடி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுக்கு. அடியே இல்லையென்றால் பம்புக்குள் கரன்ற் தொடும் பொயின்ற் பிடித்துக்கொண்டுவிட்டது. ஸ்பனரின் பின்பக்கத்தால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் அன்றைய பொழுது போகும், பின்னேரம் கழற்றித் துப்புரவாக்கலாம். இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே என் மூத்த பேரனுக்கு எட்டு வயதிலேயே பிடிபட்டுவிட்டது. "தாத்தா, இண்டைக்கு வேற மாதிரி அடிக்குது" என்று அவன் சொன்ன அன்று பம்புக்கு வரும் குழாயில் வெடிப்பு இருந்தது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதில்லை. எங்கள் கிணறுகளில் வருவது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை ரேடியேற்றரின் குழாய்களையும் அடைத்துவிடும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துப் போத்தல்களில் வைத்துக்கொள்வது ஐயா காலத்துப் பழக்கம்.

கட்டுரையில் போர்க்காலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அங்கேதான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 1990இல் போர் மீண்டும் தொடங்கிப் பெற்றோலுக்குத் தடை வந்தபோது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த எஞ்சின் என்பதால் அது தாங்கியது. இன்றைய காருக்கு அப்படி ஊற்றிப் பார்க்க முடியாது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு துளி பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகும்வரை பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணை எண்ணெய்க் குழாயைச் சைலன்சர் குழாயோடு ஒட்டிக் கொண்டுபோய், போகிற வழியிலேயே எண்ணெய் சூடாகும்படி செய்து தந்தார். பிளக்கில் கரி பிடிக்கும், நாள்தோறும் கழற்றி உரசுவோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அதனால் ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது அளவு குறைந்திருந்தால் ஐயா பயப்படமாட்டார், கூடியிருந்தால்தான் பயப்படுவார். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஆஸ்பத்திரிக்குப் போனது இப்படி ஓடிய கார்களில்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தக் கார் எஞ்சின் போட்டு ஓடவில்லை. சனத்துக்குள் ஓட்ட இடமும் இல்லை, கையில் இருந்த மண்ணெண்ணெயையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஐயா ஸ்ரியறிங்கில், நானும் மச்சானும் பின்னால் தள்ளினோம். உள்ளே அம்மம்மாவும் கைக்குழந்தைகள் இரண்டும். மேலே மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. அடுத்த வருசம் வீடு திரும்பியபோது அண்ணை செய்த முதல் வேலை, ஒயிலை இறக்கிவிட்டுப் புது ஒயில் விட்டது. அது ஓடத் தொடங்கிய பிறகுதான் ஐயா வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

இவ்வளவுக்கும் பிறகு இதை ஒரு கண்ணாடி அறைக்குள் நிறுத்து என்றால் எனக்கு ஏற்க முடியவில்லை.

குறைகளை மறைக்கவில்லை. நாலு சில்லுக்கும் பழைய வகை டிரம் பிறேக்தான். முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விட்டே ஓட்டுகிறேன். கொழும்புக்கு இதில் போவதில்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றபிறகு வால்வு உட்காரும் இடம் தேயத் தொடங்கியது. எஞ்சின் தலையைக் கழற்றிக் கடினமான வளையம் போட்டோம், செலவுதான். ஒவ்வொரு வருசமும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் எடுத்துத்தான் ஓட்டுகிறேன். பழைய கார் என்றாலே புகை கக்கும் என்று எண்ணுபவர்கள் அந்தத் தாளைப் பார்க்கலாம். லீற்றருக்கு 13 கிலோமீற்றர் தருகிறது. 2022இல் பெற்றோல் செட் வாசலில் எல்லோரையும் போல நானும் வரிசையில் நின்றேன்.

எனக்குக் கவலை காரைப் பற்றி இல்லை. மண்ணெண்ணெய்க் குழாயைச் சூடாக்கித் தந்த அந்த அண்ணை போன வருசம் காலமாகிவிட்டார். வால்வு இடைவெளியைக் காதால் கேட்டே சரிசெய்தவர். கிடைக்காத புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் தானே நின்று கடைவித்து எடுப்பார். அவருடைய மகன் பிரான்சில். கராஜில் இப்போது உள்ள பெடியள் கெட்டிக்காரர்கள், கணினியைச் செருகிப் பிழை கண்டுபிடிப்பார்கள்; ஆனால் என் காரில் செருக இடமில்லை. வாரம் ஒருவராவது பழைய காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தால்தான் அந்தப் பிள்ளைகளின் கைக்கு இந்த வேலை வரும். எல்லாக் கார்களும் கொட்டிலுக்குள் போய்விட்டால் அவர்கள் எதில் பழகுவது? கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து விலை கேட்பவர்களுக்குக் கார் போய்விடும். அதை ஓட வைக்கும் அறிவு இங்கேயே அழிந்துவிடும்.

உங்கள் பத்திரிகையிடம் என் கேட்பு இதுதான். அடுத்த கட்டுரைக்குக் கார்களின் சொந்தக்காரரை விட்டுவிட்டுக் கராஜ்களுக்குப் போங்கள். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், சாவகச்சேரி எங்கும் எழுபது தாண்டிய மெக்கானிக்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் எப்படி ஓட்டினார்கள், எந்தப் பாகத்துக்கு எதை மாற்றிப் போட்டார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பிரிவுப் பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழக என் காரை ஒரு விடுமுறைக்கு விடவும் நான் தயார்.

கட்டுரை எழுதியவருக்கு ஓர் அழைப்பு. திங்கள் முதல் சனி வரை காலை ஏழரை மணிக்குக் கோண்டாவில் சந்தியைத் தாண்டுகிறேன். அவர் அங்கே நின்றால் சுன்னாகம் வரை ஏற்றிக்கொண்டு போகிறேன். திரும்பும்போது அவரே ஓட்டட்டும்.

இப்படிக்கு,
இரும்புக்கடை வியாபாரி ஒருவர்,
கோண்டாவில்.