அடுத்தவர் எடுத்த படம் என்று சொல்லாதே

அன்புள்ள கயல்,

அன்றைக்குப் போனில் நீ சொன்னது என் மனசை விட்டுப் போகவே இல்லை. "நேரம் கிடைக்கலம்மா, இனிமே அடுத்தவங்க எடுத்த படத்தை நோண்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வெப் விண்வெளித் தொலைநோக்கியில் வானத்தைப் பார்க்க உனக்கு நேரம் கிடைக்காதது எனக்கும் வருத்தம்தான். ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிய விண்ணப்பம் அது. ஆனால் கணக்கையும் பார் கண்ணு. 2024 அக்டோபரில் முடிந்த சுற்றுக்கு மட்டும் 2,377 விண்ணப்பங்கள் போனதாக நீதானே சொன்னாய்? இருக்கிற நேரத்தைப் போல ஒன்பது மடங்கு கேட்டிருந்தார்கள். திரும்பிப் போன அத்தனை பேரும் விவரம் தெரியாதவர்களா? உன் அப்பா வேறு, பெயரையும் ஊரையும் பார்த்து ஒதுக்கியிருப்பார்களோ என்று கேட்டார். எழுதியவர் பெயரே தேர்வு செய்கிறவர்களுக்குத் தெரியாது, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு 2018-லேயே அந்த முறை வந்துவிட்டது, வெப்புக்கும் அப்படித்தான் என்று விளக்கிச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவர் சமாதானமானார்.

இப்போது "அடுத்தவர் எடுத்த படம்" விஷயத்துக்கு வருகிறேன். பெரிய தொலைநோக்கி கிடைத்தால்தான் பெரிய வேலை என்று நீ நினைப்பதாகத் தோன்றுகிறது. ஆஸ்ட்ரோசாட்டை எடுத்துக்கொள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம்முடைய செயற்கைக்கோள். அதிலிருக்கும் புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி சுமார் 38 செ.மீ. அகலம்தான். ஹப்பிளின் ஆடியோ 2.4 மீட்டர். அந்தச் சின்னத் தொலைநோக்கி 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் வானத்தில் ஒரே துண்டைப் பார்த்தது. ஹப்பிள் ஏற்கெனவே சலித்துச் சலித்துப் படமெடுத்த துண்டு அது. அங்கே 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியிலிருந்து கடும் புற ஊதா ஒளி கசிவதைப் பூனாவின் ஐயூக்கா வானியல் மையத்தில் கனக் சாஹாவின் குழு கண்டுபிடித்தது. ஹப்பிளுக்குத் தட்டுப்படாதது இதற்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கருவியில் பின்னணி இரைச்சல், அதாவது படத்தில் தானாக விழும் வெற்றுப் புள்ளிகள், குறைவு. நீ இதைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒளி கேலக்ஸிகளை விட்டு வெளியே கசிந்ததால்தான் ஆதிகாலப் பிரபஞ்சத்தை மூடியிருந்த ஹைட்ரஜன் மூட்டம் விலகியதா என்பதுதானே உன்னுடைய கேள்வியும்?

ஒன்றைக் கவனி. படம் எடுக்க 28 மணி நேரம். அந்த ஒளி நிஜமாகவே அந்தக் கேலக்ஸியுடையதுதான் என்று உறுதி செய்யக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். 2020-இல்தான் கட்டுரை வெளிவந்தது. அந்த இரண்டு வருஷம் எனக்கு நன்றாகப் புரிகிறது. லேபில் ரத்த ஸ்லைடு பார்த்த காலத்தில், சிவப்பணு மேல் ஒரு தட்டணு போய் உட்கார்ந்திருந்தால் அச்சு அசல் மலேரியா கிருமி மாதிரியே இருக்கும். சாயத்தூள் படிந்தாலும் அப்படித்தான். ஃபோகஸை ஒரு இழை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். தட்டணு என்றால் சிவப்பணுவுக்கு மேலே தனியாக நிற்கும், கிருமி என்றால் அதனுள்ளேயே இருக்கும். ஸ்லைடு தயார் செய்தது யாராக இருந்தாலும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான் அல்லவா? அதைச் சரியாகப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. நீ செய்வதும் அதுதான். ஹப்பிளை வைத்து வரும் ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல், காப்பகத்தில் கிடந்த பழைய தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் எழுதியவையாமே. அத்தனை பேருமா நோண்டிக்கொண்டிருந்தார்கள்?

நம் ஊருக்கே வந்து ஏமாந்து போனவர் ஒருவர் உண்டு. லெ ஜென்டில் என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் 1761-இல் இங்கே இறங்கவே முடியவில்லை. அடுத்தது 1769-இல்தான். அதற்காக இந்தப் பக்கத்திலேயே காத்திருந்து, இடிந்து கிடந்த மாளிகையின் மேல் ஒரு கண்காணிப்பு நிலையம் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. புதுச்சேரிக்கு வருவதற்கு முன் அவர் தங்கியிருந்த மணிலாவிலோ வானம் தெளிவாக இருந்ததாம்.

எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அவர் இங்கே வேறு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். காத்திருந்த காலத்தில் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாகச் சொல்லி வந்த எண்களைக் கொண்டே இங்குள்ளவர்கள் கணக்குப் போட்டார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தக் கணிப்பு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் பேர்போன வானியலாளர் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடியது. சோழி வைத்துக் கணித்தவரிடம் தொலைநோக்கி ஏது? எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ பார்த்து விட்டுப்போன எண்கள்தான் அவர் கையிலிருந்தது. அவரையும் அடுத்தவர் கணக்கை நோண்டியவர் என்பாயா?

அடுத்த சுற்றுக்குக் கட்டாயம் விண்ணப்பம் போடு. வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே. வெப் எடுத்த படங்களையும் பொதுவாக ஒரு வருஷத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள் என்றாயே, அதில் உன் கேள்விக்கு என்ன இருக்கிறது என்று இப்போதே தேட ஆரம்பி.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்று தினசரியை விளம்பரம் விடாமல் படிக்கிறார். வடகமும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்லு.

ஆஸ்ட்ரோசாட் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அந்தத் துண்டு வானத்தின் படத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடு. வண்ணம் பூசி அழகுபடுத்தியது வேண்டாம், இரைச்சலோடு இருப்பதே வேண்டும். எந்தப் புள்ளி கேலக்ஸி, எந்தப் புள்ளி வெறும் தூசு என்று முதலில் நான் சொல்கிறேன். அப்புறம் நீ திருத்து.

அன்புடன்,
அம்மா
முத்தியால்பேட்டை, புதுச்சேரி